சிட்னி ஃபார்பர்

சிட்னி ஃபார்பர் (செப்டம்பர் 30, 1903 – மார்ச் 30, 1973) அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை நோயியல் மருத்துவரும் புற்றுநோய் ஆய்வாளரும் ஆவார். குழந்தைகளுக்கு வரும் கடும் இரத்தப் புற்றுநோயை (லுகேமியா) மருந்தால் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்யலாம் என்று 1947–48 ஆம் ஆண்டுகளில் இவர் காட்டினார். அதுவரை அந்நோய்க்குப் பயன் தரும் சிகிச்சை எதுவும் இருக்கவில்லை. இவர் நவீன வேதிச்சிகிச்சையின் (கீமோதெரபி) தந்தை என்று பலராலும் குறிப்பிடப்படுகிறார். பாஸ்டன் நகரில் உள்ள டானா–ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. இவர் பயன்படுத்திய அமினோப்டெரின் என்னும் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் உருவானதாகும்.

இளமையும் கல்வியும்

ஃபார்பர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதினான்கு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். தந்தை சைமன் ஃபார்பர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர். காப்பீட்டுத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். தமையன் மார்வின் ஃபார்பர் பின்னாளில் அறியப்பட்ட மெய்யியல் பேராசிரியர் ஆனார்.

சிட்னி ஃபார்பர் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1923 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அக்காலத்தில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பல, யூத மாணவர்களைக் குறைந்த எண்ணிக்கையிலேயே சேர்த்துக்கொண்டன. இதனால் ஃபார்பர் தமது மருத்துவக் கல்வியை ஜெர்மனியின் ஹைடெல்பர்க், ஃப்ரைபர்க் பல்கலைக்கழகங்களில் தொடங்கினார். அங்கு பெற்ற தேர்ச்சியைக் கொண்டு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சேர்ந்து, 1927 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் நார்மா ஹோல்ஸ்மன் என்பவரை மணந்துகொண்டார்.

நோயியல் பணி

பட்டம் பெற்றபின் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நோயியல் பயிற்சி பெற்ற ஃபார்பர், 1929 ஆம் ஆண்டு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் முதல் முழுநேர நோயியல் மருத்துவராக அமர்த்தப்பட்டார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் கற்பித்தார். இறந்த குழந்தைகளின் உடல்களை ஆய்வு செய்து இறப்பின் காரணத்தைக் கண்டறிவதும், திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயை இனங்காண்பதும் இவரது அன்றாடப் பணிகளாக இருந்தன. பிணப்பரிசோதனை முறைகள் பற்றி இவர் எழுதிய நூல் 1937 இல் வெளிவந்தது.

குழந்தை நோயியல் தனித் துறையாக வளர்வதில் இவரது பங்கு பெரிது. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் ஏற்படும் படலம், கணையமும் நுரையீரலும் ஒருசேரப் பாதிக்கப்படும் நோய் (இன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனப்படுவது) ஆகியவற்றைப் பற்றி இவர் ஆராய்ந்துள்ளார். கொழுப்புப் பொருள்கள் உடலில் தேங்குவதால் மூட்டுகளும் குரல்வளையும் பாதிக்கப்படும் ஓர் அரிய பரம்பரை நோயை 1950களில் விவரித்தார். அது ஃபார்பர் நோய் என்று இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இவ்வாறு சுமார் இருபது ஆண்டுகள் நோயியல் துறையில் பெயர்பெற்றிருந்தும், நோயுற்ற குழந்தை உயிரோடிருக்கும்போது செய்யத்தக்கது எதுவும் இவர் கையில் இருக்கவில்லை. நாற்பது வயதைக் கடந்தபின் இவர் சிகிச்சையின் பக்கம் திரும்பினார்.

அக்கால இரத்தப் புற்றுநோய்

எலும்பினுள் உள்ள மச்சையில்தான் இரத்த அணுக்கள் உருவாகின்றன. கடும் இரத்தப் புற்றுநோயில், முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மச்சையை நிறைத்துவிடுகின்றன. அதனால் செவ்வணுக்கள் குறைந்து சோகையும், இரத்தத் தட்டுகள் குறைந்து இரத்தக் கசிவும், நல்ல வெள்ளணுக்கள் இல்லாமையால் தொற்றும் ஏற்படுகின்றன. கட்டியாக ஓரிடத்தில் தங்கும் புற்றுநோயை அறுவை செய்து நீக்கலாம், கதிர்வீச்சால் சுட்டழிக்கலாம். உடல் முழுதும் ஓடும் இரத்தத்தில் பரவிய நோய்க்கு அவ்வழிகள் உதவவில்லை.

1940களில் இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்தனர். இரத்தம் ஏற்றுவதும் வலியைத் தணிப்பதுமே மருத்துவர்களால் செய்ய முடிந்தவை. எனினும் ஆய்வாளருக்கு இந்நோயில் ஒரு வசதி இருந்தது. சிறிது இரத்தத்தையும் மச்சையையும் எடுத்து நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால், நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை உடனுக்குடன் அளவிட்டு அறியலாம். அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தே பழகிய ஃபார்பருக்கு இது பொருத்தமான களமாக அமைந்தது.

போலிக் அமிலமும் ஒரு பின்னடைவும்

இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளர் பெண்களிடம் காணப்பட்ட சோகையை 1928 முதல் ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அச்சோகையைப் போக்குவதை அவர் கண்டறிந்தார். அதில் இருந்த சத்து பின்னர் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. அணுக்கள் பிரிந்து பெருகுவதற்குத் தேவையான டி.என்.ஏ.வை உருவாக்க இச்சத்து இன்றியமையாதது.

போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையை லெடர்லி ஆய்வுக்கூடம் 1945 ஆம் ஆண்டு அறிவித்தது. அதன் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர் சுப்பாராவ் (1895–1948). அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923 இல் பாஸ்டன் சென்றவர் இவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து பாஸ்பரசை அளவிடும் முறையை வகுத்தவர். தசைகளின் ஆற்றல் வேதியியலில் முதன்மையான கண்டுபிடிப்புகளைச் செய்தவர். அங்கு நிலையான பதவி கிடைக்காத நிலையில் 1940 இல் லெடர்லியில் சேர்ந்தார். ஃபார்பரும் இவரும் ஒரே காலத்தில் ஹார்வர்டில் பணியாற்றியவர்கள்.

நியூயார்க்கில் ரிச்சர்ட் லூவிசான் குழுவினர் எலிகளில் செய்த சோதனைகள், போலிக் அமிலம் சார்ந்த பொருள்கள் கட்டிகளைக் கட்டுப்படுத்தலாம் என்று தெரிவித்திருந்தன. இதனையொட்டி ஃபார்பர் போலிக் அமிலத்தின் கூட்டுப்பொருள்களைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் விளைவு எதிர்மாறாக இருந்தது. அவர்களது மச்சையிலும் உள்ளுறுப்புகளிலும் நோய் விரைந்து பரவியதாக ஃபார்பர் கண்டார்.

ஃபார்பர் இத்தோல்வியை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அதனைத் தம் வாதத்தின் முதற்படியாகவே எழுதினார். போலிக் அமிலம் நோய் அணுக்களுக்கு ஊட்டமாகிறது என்றால், அச்சத்தைத் தடுக்கும் பொருள் நோயைத் தடுக்கக்கூடும் என்பது அவர் கொண்ட முடிவாகும்.

அமினோப்டெரின் சோதனை

லெடர்லியின் வேதியியலாளர்கள் போலிக் அமிலத்தின் மூலக்கூறைச் சிறிது மாற்றிப் பல எதிர்ப்பொருள்களைத் தயாரித்தனர். தோற்றத்தில் போலிக் அமிலத்தை ஒத்திருக்கும் இவை, அணுவினுள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைச் செய்யாமல் இருந்துவிடுகின்றன. பூட்டில் நுழைந்து திரும்பாத போலிச் சாவிக்கு இவற்றை ஒப்பிடலாம். டி.என்.ஏ. உருவாவது தடைப்படுவதால் வேகமாகப் பெருகும் அணுக்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன.

1947 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபார்பர் இவற்றில் ஒன்றைச் சோதித்தார். பெரும்பயன் விளையவில்லை. டிசம்பர் இறுதியில், டோரிஸ் சீகர் முதலிய லெடர்லி வேதியியலாளர்கள் தயாரித்த அமினோப்டெரின் என்னும் வலிமை மிக்க மருந்தை இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஊசி மூலம் செலுத்தினார். ஏறிக்கொண்டேயிருந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை சில நாட்களில் சரிந்தது. வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்த சிறுவன் எழுந்து நடந்தான். சில மாதங்களில் நோய் திரும்பிவந்தது. சிறுவன் 1948 ஆம் ஆண்டில் இறந்தான்.

ஃபார்பரும் லூயிஸ் டயமண்ட் உள்ளிட்ட நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1948 ஜூன் 3 அன்று வெளியானது. அமினோப்டெரின் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டதாக அது தெரிவித்தது. சிகிச்சை தொடங்கியபோது இக்குழந்தைகளில் பலர் இறக்கும் தறுவாயில் இருந்தவர்கள். தலைப்பிலேயே முன்னேற்றம் தற்காலிகமானது என்று குறிப்பிட்டிருந்ததுடன், மருந்து நஞ்சுத்தன்மை உடையது, வாய்ப்புண்களை உண்டாக்கக்கூடியது என்பதையும் கட்டுரை எடுத்துரைத்தது.

வேதிப்பொருளால் புற்றுநோயை எதிர்க்கும் முயற்சியில் இது முதலாவது அன்று. 1942 இல் யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருள் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சோதிக்கப்பட்டிருந்தது. ஆயினும், ஓர் அணுவின் வளர்ச்சிக்குத் தேவையான சத்து எது என்று அறிந்து, அதனைத் தடுக்கும் பொருளைத் திட்டமிட்டுப் பயன்படுத்தி, மச்சை மீண்டும் இயல்பு நிலைக்குத் திரும்புவதைக் காட்டியது ஃபார்பரின் தனிச்சிறப்பாகும்.

எதிர்ப்பும் அறக்கேள்விகளும்

ஃபார்பரின் முயற்சியை அன்றைய மருத்துவர்கள் ஒருமனதாக வரவேற்கவில்லை. பிழைக்க வாய்ப்பே இல்லாத குழந்தையை ஊசிகளாலும் மச்சைச் சோதனைகளாலும் துன்புறுத்துவது தகாது, அமைதியாக இறக்க விடுவதே கருணை என்று பலர் கருதினர். சில வாரங்களோ மாதங்களோ கூடுதலாகக் கிடைப்பதைப் பயன் என்று சொல்லலாமா என்ற ஐயமும் எழுந்தது. இடைக்கால முன்னேற்றம் பெற்றோருக்கு வீண் நம்பிக்கையைத் தந்து, பின்னர் இருமடங்கு துயரத்தைத் தரும் என்பது மற்றொரு வாதம்.

இவ்வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்தனர். போலிக் அமிலம் பெற்றவர்களுக்கோ தீங்கே நேர்ந்தது. நோயாளி உரிமைகள், எழுத்து வழி ஒப்புதல், ஆய்வு அறக்குழுக்கள் ஆகியவை பற்றிய இன்றைய விதிமுறைகள் அன்று நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. மறுபுறம், நோய் ஒருமுறை பின்வாங்கும் என்று தெரிந்தாலன்றி, அதனை நிலையாகப் பின்வாங்கச் செய்யும் வழியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். குழந்தைக்குக் கிடைக்கும் கூடுதல் மாதங்களில் அடுத்த மருந்து வந்துவிடலாம் என்று ஃபார்பர் கருதினார். அவ்வாறே 1950 ஆம் ஆண்டையொட்டி கார்ட்டிசோன் வகை மருந்துகளும், அதன் பின்னர் ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோர் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரினும் பயன்பாட்டுக்கு வந்தன. அமினோப்டெரினுக்குப் பதிலாக அதனினும் பாதுகாப்பான மெத்தோடிரெக்சேட் பயன்படலாயிற்று.

ஜிம்மி நிதியம்

ஆய்வுக்குப் பணம் தேவைப்பட்டது. திரைத்துறையினரின் அறநிலைய அமைப்பான வெரைட்டி கிளப்பின் நியூ இங்கிலாந்துக் கிளை துணைநிற்க, 1947 இல் குழந்தைகள் புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளையை ஃபார்பர் நிறுவினார். 1948 ஆம் ஆண்டு மே 22 அன்று நாடு முழுதும் ஒலிபரப்பாகும் வானொலி நிகழ்ச்சி ஒன்றில், பாஸ்டன் மருத்துவமனையில் படுத்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தொகுப்பாளர் ரால்ஃப் எட்வர்ட்சுடன் உரையாடினான். அவனுடைய அடையாளத்தைக் காக்க அவனுக்கு ஜிம்மி என்று பெயர் சூட்டப்பட்டது. அவன் விரும்பிய பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி வீரர்கள் நிகழ்ச்சியின்போதே அவனது அறைக்குள் வந்தனர். விளையாட்டைப் பார்க்க அவனுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தருவதற்காக 20,000 டாலர் திரட்டித் தருமாறு நேயர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவ்வாண்டில் 2,31,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

இதுவே ஜிம்மி நிதியத்தின் தொடக்கமாகும். இந்நிதியைக் கொண்டு எழுப்பப்பட்ட கட்டடம் 1952 ஜனவரியில் திறக்கப்பட்டது. பிரேவ்ஸ் அணி 1953 இல் மில்வாக்கிக்கு இடம்பெயர்ந்தபின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி நிதியத்தின் புரவலராயிற்று. வயிற்றில் நிணநீர்ப் புற்றுநோய் கண்டிருந்த ஜிம்மி இறந்துவிட்டான் என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் அவர் நலம் பெற்று வளர்ந்து, சுமையுந்து ஓட்டுநராக வாழ்ந்துவந்தது 1998 இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவர் 2001 ஆம் ஆண்டு காலமானார்.

முழுமைப் பராமரிப்பு

ஃபார்பர் தம் மருத்துவ நிலையத்தில் முழுமைப் பராமரிப்பு என்னும் முறையைக் கடைப்பிடித்தார். மருந்து கொடுப்பதோடு நில்லாமல் உணவு, மனநலம், குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் கவனிப்பது இதன் நோக்கம். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், உளவியலாளர், உணவியலாளர் ஆகியோர் ஒரு குழுவாகச் செயல்பட்டனர். குழந்தையைக் குணப்படுத்த முடியாதபோதும் அதனையும் பெற்றோரையும் கைவிடக்கூடாது என்பது இவரது கொள்கை. தம் பணிக்கு எதிராக எழுந்த அறக்கேள்விகளுக்கு இவர் நடைமுறையில் அளித்த மறுமொழியாகவும் இதனைக் கொள்ளலாம். பிற்காலப் புற்றுநோய் மருத்துவமனைகள் பலவும் இம்முறையைப் பின்பற்றின.

வில்ம்ஸ் கட்டி

1950களின் நடுப்பகுதியில் ஃபார்பர் குழுவினர், செல்மன் வாக்ஸ்மன் கண்டறிந்த ஆக்டினோமைசின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களைப் புற்றுநோய்க்குச் சோதித்தனர். ஆக்டினோமைசின்-டி, குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டிக்கு எதிராகச் சிறப்பாகச் செயல்பட்டது. நுரையீரலுக்குப் பரவிய கட்டிகள்கூடச் சுருங்கின. கதிர்வீச்சு மருத்துவர் ஜூலியோ டி'ஆன்ஜியோவுடன் சேர்ந்து, அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றையும் இணைக்கும் சிகிச்சை முறை வளர்க்கப்பட்டது.

அரசியல் முயற்சிகள்

புற்றுநோய் ஆய்வுக்கு அரசின் பெருநிதி வேண்டும் என்று ஃபார்பர் வலியுறுத்திவந்தார். சமூகச் செயற்பாட்டாளர் மேரி லாஸ்கருடன் இணைந்து, அமெரிக்கக் காங்கிரசின் குழுக்கள் முன் பலமுறை சான்றுரைத்தார். புதிய மருந்துகளைப் பெருமளவில் சோதிப்பதற்கான தேசிய மையம் 1955 இல் அமைக்கப்பட்டதில் இவர்களது பங்கு உண்டு. 1970 இல் அமெரிக்க மேலவை அமைத்த வல்லுநர் குழுவுக்கு இவர் இணைத் தலைவராக இருந்தார். அக்குழுவின் பணியையொட்டி வந்த தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் 1971 டிசம்பர் 23 அன்று கையொப்பமிட்டார்.

நோயின் அடிப்படை உயிரியல் முழுதும் விளங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கிடைத்துள்ள மருந்துகளைக் கொண்டு போராடலாம் என்பது ஃபார்பரின் நிலைப்பாடு. அடிப்படை ஆய்வே முதன்மை பெற வேண்டும் என்ற அறிவியலாளர்கள் இதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் புற்றுநோயை வென்றுவிடலாம் என்ற எதிர்பார்ப்பு மிகையானது என்பது பின்னர் தெளிவாயிற்று.

விருதுகளும் பொறுப்புகளும்

- 1966 – லாஸ்கர் விருது (மருத்துவ ஆய்வு)
- 1967 – ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வோல்பாக் நோயியல் பேராசிரியர்
- 1968–69 – அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் தலைவர்

மறைவு

ஃபார்பர் 1973 ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று பாஸ்டனில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 69. அவர் தோற்றுவித்த அறக்கட்டளை 1969 முதல் வயது வந்தோருக்கும் சிகிச்சை அளிக்கத் தொடங்கியிருந்தது. 1974 இல் அதற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1983 முதல் அது டானா–ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

தாக்கம்

ஃபார்பர் பெற்றது முழு வெற்றி அன்று. அவர் காட்டிய தற்காலிக முன்னேற்றத்தை நிலையான குணமாக மாற்றியவர்கள் அவருக்குப் பின் வந்தவர்களே. 1956 இல் மின் சியு லியும் ராய் ஹெர்ட்சும் மெத்தோடிரெக்சேட்டைக் கொண்டு, பெண்களின் நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோயைக் குணப்படுத்தத் தொடங்கினர். 1960களில் எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரைக்கும் நான்கு மருந்துகளை ஒருசேரக் கொடுத்துக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை நீண்டகாலம் அடக்கினர். மெம்பிஸ் நகரில் டொனால்டு பிங்கெல், மூளையில் ஒளிந்திருக்கும் நோய் அணுக்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை அளித்து, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார். ஃபார்பருக்குப்பின் பாஸ்டன் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றவர் எமில் ஃப்ரை ஆவார்.

மருந்துக்கு அடங்காத இரத்தப் புற்றுநோய்க்கு வேறொரு வழியும் பின்னாளில் பிறந்தது. நோயுற்ற மச்சையை அழித்துவிட்டு நலமுள்ள ஒருவரின் மச்சையைச் செலுத்தும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையே அது. அதனை வளர்த்தெடுத்து 1990 இல் நோபல் பரிசு பெற்ற டொனால் தாமஸ், ஃபார்பரின் முதல் சோதனைகள் நடந்த ஆண்டுகளில் பாஸ்டனில் இளம் மருத்துவராகப் பயிற்சி பெற்றுவந்தவர்.

வசதி மிக்க நாடுகளில், கடும் நிணநீரணு இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இன்று உயிர் பிழைக்கின்றனர். ஏழை நாடுகளில் இவ்விகிதம் இன்னும் குறைவாகவே உள்ளது. அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோடிரெக்சேட் இந்நோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையில் இன்றும் இடம்பெறுகிறது. முடக்கு வாதம், சொரியாசிஸ் ஆகியவற்றுக்கும் அது பயன்படுகிறது. அமினோப்டெரின் முடிவுகள் வெளிவந்த 1948 ஆம் ஆண்டிலேயே ஆகஸ்ட் மாதத்தில் சுப்பாராவ் காலமானார். தம் ஆய்வுக்கூடம் அனுப்பிய மருந்தின் வழியே பின்னர் எத்தனை குழந்தைகள் பிழைத்தனர் என்பதை அவர் அறியவில்லை.